புகார் எண் என்ன?

சில வருடங்களுக்கு முன் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அரசின் இலவச மடிக்கணினியோடு ஒரு பையன். "பாஸ் லினக்ஸ்ல தமிழ் எழுத்து உடையுது சார்." கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "அழிச்சிடறேன். முழு விண்டோஸ் போட்டுக்க." திருட்டு விண்டோஸ்தான்!

2011-ல் தொடங்கிய திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனை வைத்து சி-டாக் செய்தது. டெபியனில் கோளாறு கண்டால் யாரும் மின்னஞ்சலில் புகார் தரலாம். எண் போட்டு எல்லோரும் பார்க்க வைப்பார்கள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. தெரிந்தால் நாமே திருத்தி அனுப்பலாம். துணைக்கால் தள்ளி நிற்பதையும் புள்ளி காணாமல் போவதையும் பின்லாந்துக்காரரா வந்து கண்டுபிடிப்பார்?

நம் பொறியியல் மாணவர்களில் பல பேர் கடைசி வருட ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தங்க எழுத்தில் பைண்டிங் வேறு. வைவா முடிந்தால் பரண். கல்லூரிக்கும் இது தெரியும். அதற்குப் பதில் ஒரே ஒரு கோளாறைத் திருத்தச் சொன்னால் என்ன? சொல்லித்தர ஆளில்லை என்று சாக்கு வேண்டாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கே இலவசமாகக் கற்றுத் தருகிறது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

பேராசிரியர்களே, அடுத்த வைவாவில் பைண்டிங்கைப் புரட்டாதீர்கள். "நீ அனுப்பின புகார் எண் என்னப்பா?" என்று கேளுங்கள்.