திவாலில் பிறந்த குரல்

வானொலி என்றால் அரசாங்கத்தின் குரல் என்று இந்தியர்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் அந்தக் குரலின் முதல் சொந்தக்காரர் அரசாங்கம் அல்ல.

1924ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தது. மூன்றே ஆண்டுகளில் பணமுடை. கிளப் மூடப்பட்டது. பிறகு சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று, 1930லிருந்து தானே ஒலிபரப்பு நடத்தியது.

இதற்கிடையே லாப நோக்குடன் களமிறங்கியது இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். 1927 ஜூலை 23ல் அதன் பம்பாய் நிலையத்தை வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். அடுத்த மாதம் கல்கத்தா. லைசென்ஸ் கட்டணம் வருடத்துக்குப் பத்து ரூபாய். அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு. ஆனால் ரேடியோ பெட்டி பணக்காரர் வீட்டுப் பொருள். வாங்கியவர்களிலும் பலர் லைசென்ஸ் இல்லாமலே கேட்டார்கள். 1930 மார்ச்சில் கம்பெனி திவால்.

ஏப்ரல் 1 அன்று அரசு அதைக் கையில் எடுத்தது, அதுவும் அரைமனதோடு, சோதனை முறையில். 1931 அக்டோபரில் சிக்கனம் என்று சொல்லி இழுத்து மூடவும் முடிவு செய்தது. எதிர்ப்புக் கிளம்பவே அடுத்த மாதமே பின்வாங்கியது. 1932 மே மாதம்தான் நிரந்தரமாக நடத்துவது என்று தீர்மானமாயிற்று. 1935ல் பிபிசியிலிருந்து வந்த லயனல் ஃபீல்டனுக்கு, 'இந்திய அரசு ஒலிபரப்புச் சேவை' என்ற பெயர் பிடிக்கவில்லை. வைஸ்ராய் லின்லித்கோவைச் சாமர்த்தியமாக வசப்படுத்தி 1936 ஜூனில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்று மாற்றினார். பெயரிலிருந்து 'அரசு' போனது. உடைமையிலிருந்து போகவில்லை.

வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்த சொத்தின் அருமை ஆட்சியாளர்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. 1948ல் பிபிசி போன்ற ஓரளவு சுயாட்சியுள்ள அமைப்பே லட்சியம் என்றார் நேரு; ஆனால் அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். காலம் வரவே இல்லை. 1966ல் சந்தா கமிட்டி சொன்னது, ஃபைலில் தூங்கியது. நெருக்கடி நிலையில் வானொலி ஆட்சியின் ஊதுகுழலானதைக் கண்டபின் 1978ல் வர்கீஸ் கமிட்டியும் சுயாட்சியையே பரிந்துரைத்தது. பிரசார் பாரதி சட்டம் 1990ல் நிறைவேறியும், அமலுக்கு வர 1997 ஆனது. அதற்குள், 1995லேயே, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

சட்டப்படி இன்று அது தன்னாட்சி நிறுவனம். ஆனால் சம்பளத்துக்கு அரசின் மானியத்தை எதிர்பார்த்திருக்கிறது. ரேடியோ கிளப்பும் கம்பெனியும் கற்றுத்தந்த பாடம் ஒன்றுதான்: சொந்த வருமானம் இல்லாதவன் குரல் நெடுநாள் சொந்தமாக இருக்காது. ஒலிபரப்பை அரசிடமிருந்து விடுவிக்கவேண்டும் என்று கேட்பவர்கள் அதன் செலவை யார் ஏற்பது என்பதற்கும் பதில் சொல்லியாகவேண்டும். 1930லும் கேள்வி இதுதான். அன்று பதில் சொல்ல ஆளில்லாததால்தான் அரசாங்கம் உள்ளே வந்தது.