இடித்த வீடு எங்கே போகும்?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்றால், அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இருக்காது. எந்த நாள் நல்ல நாள், தேக்கு நிலைக்கதவு அண்ணனுக்கா தம்பிக்கா, அதுவரை வாடகைக்கு எங்கே போவது, பூஜை அறை எந்த மூலையில் என்று எல்லாம் பேசுவார்கள். இடித்த பிறகு மலையாகக் குவியப் போகிற செங்கல், காரை, ஓட்டுச் சில்லு எல்லாம் எங்கே போகும் என்ற பேச்சு மட்டும் வராது. அது ஜேசிபி வாசலில் வந்து நின்ற பிறகுதான் வரும்.

"எங்கண்ணே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று வீட்டம்மா கேட்பார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்க்கா" என்பார் டிராக்டர்காரர்.

அதோடு வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் அவர் எங்கே பார்த்துக்கொள்கிறார்? பெரும்பாலும் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், பைபாஸை ஒட்டிய பள்ளம், யாரோ வெளியூரில் இருப்பவரின் காலி மனை. இருட்டிய பிறகு போகிற நடைகள் எல்லாமே இப்படித்தான் முடியும்.

அமெரிக்காவில் வீடு இடிப்பவர்கள் வாசலில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்து நிறுத்துகிறார்கள். அதற்கு 'டம்ப்ஸ்டர்' என்று பெயர். 1930-களில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் டெம்ப்ஸ்டர் என்ற குடும்பத்தார் உருவாக்கியதால் வந்த பெயர் அது. அந்தத் தொட்டி சொந்த மனைக்குள் நின்றால் பெரும்பாலும் கேள்வி இல்லை. தெருவில் நின்றால் பல ஊர்களில் நகராட்சியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிரிட்டனில் இதற்குச் சட்டமே உண்டு. 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, சாலையை நிர்வகிக்கும் அமைப்பின் அனுமதி இல்லாமல் கட்டடத் தொட்டியைச் சாலையில் வைக்க முடியாது. இரவில் விளக்கு எரிய வேண்டும், தொட்டியின் மேல் உரிமையாளரின் பெயரும் தொடர்பு எண்ணும் எழுதியிருக்க வேண்டும்.

நம் ஊரில் அந்தத் தொட்டி கிடையாது. தெருதான் தொட்டி. வாடகையும் இல்லை, விளக்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், புது வீட்டுக்கு அனுமதி வாங்குவது இப்போது முன்பைவிடச் சுலபம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீட்டுக்கு, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. வீட்டுக்கு இப்படிக் கையில் இருக்கும் போனிலேயே வழி இருக்கிறது. வாசலில் கொட்டும் குவியலுக்கு யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெருவில் பத்துப் பேரை விசாரித்தால் பத்து பதில் வரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2016 மார்ச்சில் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி கழிவை உண்டாக்குகிறவர் அதைத் தன் மனைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில் சேர்க்க வேண்டும். போக்குவரத்துக்கோ, மக்களுக்கோ, வடிகாலுக்கோ இடைஞ்சலாகப் போடக் கூடாது. அதே விதிகள் உள்ளாட்சிக்கும் ஒரு கடமை வைத்திருக்கின்றன. இந்தக் கழிவைச் சேர்க்கத் தகுந்த கொள்கலன்களை வைக்க வேண்டும், நிரம்பியதும் அகற்ற வேண்டும். அமெரிக்காக்காரர் வாடகைக்கு எடுக்கிற தொட்டியைத்தான் நம் சட்டம் உள்ளாட்சியின் தலையில் வைத்தது. 5 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு இந்த ஏற்பாடுகளைச் செய்ய 3 ஆண்டு அவகாசமும் கொடுத்தது. விழுப்புரமும் திண்டிவனமும் அந்த வகையில்தான் வரும்.

அந்த விதிகளுக்குப் பதிலாக 2025-ல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறிக்கப்பட்டது. அவற்றின் கவனம் பெரும்பாலும் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய திட்டங்கள் மீதுதான். சின்ன வீட்டுக்காரருக்கு இன்றும் போக்கிடம் நகராட்சிதான்.

'நம்ம வீடு சின்ன வீடுதானே' என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறை ஒன்று. 9 அங்குலச் சுவர், 10 அடி உயரம். கதவு ஜன்னலைக் கழித்தால் சுவர் மட்டுமே ஏறக்குறைய 250 கன அடி. இடித்தால் அது உப்பி 350 கன அடி ஆகும். அதாவது மூன்றரை யூனிட். டிராக்டர் டிப்பரில் நடைக்கு ஒரு யூனிட் என்றால் நான்கு நடை. எடை சுமார் 13 டன். அடுத்த அறைக்குப் பொதுச்சுவர் ஒன்று குறையும் என்றாலும், இரண்டு அறையும் சேர்ந்தால் 20 டன்னைத் தாண்டிவிடும். 2016 விதிகளில் ஒரே நாளில் 20 டன் கழிவு உண்டாக்குகிறவர் பெரிய ஆள். கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே திட்டம் எழுதிக் கொடுத்து உள்ளாட்சியின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஜேசிபி வைத்து ஒரே நாளில் இரண்டு அறை வீட்டைத் தரைமட்டமாக்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

அந்த மூன்றரை யூனிட்டைத் தெருவில் இரண்டரை அடி உயரத்துக்குப் பரப்பினால் 140 சதுர அடி போய்விடும். 20 அடித் தெருவில் பாதி அகலம், 14 அடி நீளத்துக்கு இல்லை. ஆம்புலன்ஸ் திரும்புமா, பள்ளி வேன் நுழையுமா என்பதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் இடிக்கும் முன்பே ஒரு மனு. முதலில் வாசலில் இருக்கும் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். தெரு என்றால் பெரும்பாலும் நகராட்சி. பெரிய சாலையை ஒட்டிய வீடு என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், அப்போது நகராட்சி தலையாட்டினாலும் போதாது. ஊருக்கு வெளியே என்றால் ஊராட்சி. நகராட்சி என்றால் ஆணையாளர் பெயருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். கதவு எண், தெரு, வார்டு, வரிவிதிப்பு எண், எந்தத் தேதியில் இடிப்பது, எத்தனை யூனிட் வரும், வாசலில் எத்தனை அடி நீளம் அகலத்தில் எத்தனை நாள் இருக்கும், எந்த வண்டியில் எங்கே போகும். தெருவின் போட்டோ ஒன்று. கட்டணம் உண்டா, கொட்ட ஒதுக்கிய இடம் எது என்று அந்த மனுவிலேயே கேட்டுவிடலாம். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குவது முக்கியம். அந்தத் தாள் கையில் இருந்தால், வாசலுக்கு வந்து அதட்டுகிறவரிடம் பேசும் குரலே வேறாக இருக்கும்.

போன கையோடு நகரமைப்புப் பிரிவில் இடிப்புக்கான அனுமதி பற்றியும், வரிப் பிரிவில் பழைய கட்டடம் போகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரை இல்லாத வீட்டுக்குச் சொத்துவரி ஏறிக்கொண்டே இருக்கும். மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டிக்காமல் சுவரில் கை வைக்கவே கூடாது.

'இரண்டு நாள்தானே, எதற்கு இதெல்லாம்' என்று தோன்றும். இரண்டு நாள் பத்து நாள் ஆவது கட்டட வேலையில் புதிது இல்லை. அந்தப் பத்து இரவுகளில் ஒன்றில், இரண்டாம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிற ஒருவருக்கு அந்தக் குவியல் தெரியாமல் போகலாம். பொதுவழியில் இடைஞ்சலோ ஆபத்தோ உண்டாக்கினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 285-ம் பிரிவின் கீழ் அது 5,000 ரூபாய் வரை. யாருக்காவது அடிபட்டால் வழக்கு அபராதத்தோடு நிற்காது. நான்கு சவுக்குக் கம்பு, சிவப்பு ரிப்பன், இரவில் எரிகிற ஒரு பல்பு. இதற்கு ஆகும் செலவு கடப்பாக்கால் விழாவில் டீ வாங்கும் செலவுகூட இருக்காது.

வடிகால் விஷயம் இதைவிடப் பெரியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்தக் கால்வாயும் திணறத்தான் செய்யும், அதற்கு இடிபாட்டின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பகுதியில் தண்ணீர் போகிற வழி ஏற்கெனவே எவ்வளவு குறுகல் என்று. வாய்க்காலில் விழுந்த சுண்ணாம்புக் காரை குப்பை மாதிரி மிதந்து போகாது. அடியில் இறுகிவிடும். அடுத்த மழைக்கு அது நின்ற இடத்திலிருந்து தண்ணீர் வீடுகளுக்குள் திரும்பும், கொட்டியவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

சென்னையில் நிலைமை கொஞ்சம் மேல். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை உடைத்துச் சலித்து மறுபடியும் ஜல்லியாகவும் மணலாகவும் மாற்றும் ஆலைகள் இருக்கின்றன. 1913-க்கு அழைத்துக் கழிவு பற்றிச் சொல்ல முடியும். விழுப்புரத்திலிருந்து அங்கே லாரி அனுப்பினால் டீசல் காசுக்கே கட்டாது. பெருமுக்கல் மலைப் பக்கம் புதுக்கல்லை உடைத்துக்கொண்டே இருக்கிற ஒரு வட்டாரத்தில், உடைந்த பழைய கல்லை அரைக்க ஓர் ஆலை பக்கத்தில் இருந்தால் எவ்வளவு மிச்சம்!

ஆலை இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது, அது பல கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். புது வீட்டின் பேஸ்மட்டம். 600 சதுர அடி வீட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கினால், உள்ளே நிரப்ப 12, 13 யூனிட் தேவை. அதற்குக் கிராவல் மண்ணைக் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு வருவார்கள், பழைய வீட்டின் செங்கலையும் காரையையும் காசு கொடுத்து ஏற்றி அனுப்புவார்கள். மூன்று அறைப் பழைய வீட்டில் வருகிற ஒன்பது, பத்து யூனிட்டைக் கட்டியில்லாமல் உடைத்து, அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்சு அடித்து இறுக்கினால் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும். மேலே கடைசி அடுக்கு மணலாக இருக்கட்டும். மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, கரையான் வரும். பிளாஸ்டிக், துணி, தெர்மாகோல் கூடாது. இதற்கு மனைக்குள்ளேயே ஒரு மூலையில் குவித்துவைக்க இடம் வேண்டும், அஸ்திவாரம் தோண்டும் ஆளிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பாட்டி மெழுகிய தரை பேத்தியின் தரைக்கு அடியில் இருப்பதில் சில வீடுகளில் சந்தோஷமும் உண்டு.

பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட தாழ்வாரம் இருந்தால் மட்டும் வேறு கவனம். அதைக் கடப்பாரையால் நொறுக்கக் கூடாது, பேஸ்மட்டத்திலும் போடக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, கொக்கிகளைக் கழற்றி, உடையாமல் முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். இறக்குகிறவருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

இனி ஒப்பந்தம். பழைய வீடு உடைக்க எடுப்பவர்கள் நிலை, கதவு, மச்சுக்கட்டை, கம்பி, நல்ல செங்கல் எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டு, கூலியில் கழித்துக்கொள்வார்கள். காசாகிறது எல்லாம் போன பிறகு ஆளைத் தேட வேண்டியிருக்கும், வாசலில் ரப்பீஷ் மட்டும் நிற்கும். அதனால் தாளில் ஒரு வரி எழுத வேண்டும்: 'இடிபாடு முழுவதையும் அகற்றி, தெருவையும் கூட்டி, காலி மனையாக ஒப்படைக்க வேண்டும்'. கடைசித் தவணையை அதுவரை கொடுக்கக் கூடாது. டிராக்டர்காரர் பள்ளத்து மனை ஒன்றை நிரப்பக் கொண்டுபோகிறேன் என்றால், அந்த மனைக்காரரின் சம்மதத்தை எழுதி வாங்கித் தரச் சொல்லலாம். முதல் நடையின் பின்னாலேயே வீட்டில் ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசி நடை கிளம்பியதும் வாசல்தெருவில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். ஓட்டுக்கூரையின் ஆணிகள் ஒரு கைப்பிடியாவது ஒட்டிக்கொண்டு வரும்.