டேங்க்குக்கு ஒரு பெக்!

அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் ரோடு வழியாக ஆபீஸ் போகும் அன்பர்களே! நம்ம ஊரில் மனுஷன் சரக்கடிப்பது புதிதில்லை. இப்போது வண்டியும் அடிக்கிறது. பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2025-ல் எட்டியாயிற்று. எத்தனால் வேறொன்றுமில்லை, ஒயின் ஷாப் பாட்டிலில் இருக்கிற அதே ஐட்டம்தான். மைலேஜ் குறைகிறதே என்று மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இது எதிலிருந்து வருகிறது? கரும்பு, மக்காச்சோளம், அப்புறம் இந்திய உணவுக் கழகத்து அரிசி. அதாவது, ரேஷன் க்யூவில் நமக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் பையோடு நிற்கிறது!

இந்தத் தகராறைத் தீர்க்க விஞ்ஞானிகள் கைகாட்டும் ஆள், இனிப்புச் சோளம். தியேட்டர் வாசலில் கப்பில் வெண்ணெய் போட்டுத் தருவார்களே, அது இல்லை சார். அது மக்காச்சோளம். இது நம்ம பாட்டி சோறாக்கிய சோளத்தின் உறவு. தட்டையைக் கடித்தால் கரும்பு மாதிரி இனிக்கும். கதிர் மனுஷனுக்கு, சாறு எத்தனாலுக்கு, சக்கை மாட்டுக்கு. நாலு மாசப் பயிர், கரும்பு குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

நல்ல தட்டையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? முதலில் இலையின் நடுநரம்பைப் பார்க்கிறார்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் உள்ளே வெறும் பஞ்சு. மங்கலான பச்சையாக இருந்தால் சாறு. வெள்ளையைக் கண்டு ஏமாறக் கூடாது என்பது சோளத்துக்கும் பொருந்துகிறது. அப்புறம் ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டு இனிப்பை அளந்து, நல்லதை நல்லதோடு சேர்க்கிறார்கள். மகாராஷ்டிரத்துப் பல்டனில் நிம்ப்கர் ஆராய்ச்சி நிலையம் 'மதுரா' என்று பெயர் வைத்து ரகம் கொடுத்தது. ஹைதராபாத் சோள ஆராய்ச்சி மையம் 'சி.எஸ்.எச். 22 எஸ்.எஸ்.' என்று பஸ் நம்பர் மாதிரிப் பெயரில் ஒரு வீரிய ஒட்டு கொடுத்தது.

டெக்சாஸில் இன்னும் வேடிக்கை. அவர்களுக்குச் சாறு வேண்டாம், நாரைக் குவித்தால் போதும். அப்பாச் செடியும் அம்மாச் செடியும் ஒழுங்காகப் பூப்பவை. ஆளுக்கொரு ஜீன் தருகின்றன. தனித்தனியாக இருக்கும்வரை அவை சாது. பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தால், கோடையின் நீண்ட பகல் முடியும்வரை பூக்கவே விடாது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஓடும் நம்ம தடிப்பசங்க மாதிரி, அதுபாட்டுக்கு ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், நம் பங்க்கில் ஏன் சோளச் சரக்கு இல்லை?

2007-ல் ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் (இன்று அது தெலங்கானா) ரஸ்னி என்ற ஆலை தொடங்கியது. இக்ரிசாட் பக்கபலம். தினம் 40,000 லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டம். ஆனால் நிலைக்கவில்லை. வெட்டிய தட்டையில் இருக்கும் சர்க்கரை, நம்ம சம்பளம் மாதிரி. வந்த நிமிஷத்திலிருந்து கரைய ஆரம்பித்துவிடும். ஓரிரு நாளுக்குள் பிழிந்தாக வேண்டும். அறுவடையோ சில வாரம்தான். ஆலைக்கு வருஷம் பூராவும் பசிக்கும்.

எனவே இனிப்பைக் கூட்டுவது மட்டும் பரீட்சை ஆகாது. முன்பின்னாக முற்றும் ரகங்கள், நின்றாலும் இனிப்பு குறையாத தட்டை, கிராமத்திலேயே பிழிந்து பாகு காய்ச்சும் ஏற்பாடு, எல்லாம் சேர்ந்து பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் ஆலைக்காரருக்கு லோன் பாக்கி, விஞ்ஞானிக்கு இன்னொரு கட்டுரை, விவசாயிக்குக் காய்ந்த தட்டை.

பங்க்கில் வண்டியை நிறுத்தினால், "ஜீரோ பார்த்துக்குங்க சார்" என்கிறார்கள். பார்த்துக்கொள்வோம். அந்த ஜீரோ விவசாயியின் பாஸ்புக்கில் வராமல் யாராவது பார்த்துக்கொண்டால் சரி!