குண்ட்லகம்மா ஆற்றுக்கு முன்னும் பின்னும்

சென்னையில் வாழும் ஓங்கோல் வழிச் சபைக் குடும்பங்களுக்கு, கடல் கடந்து குடியேறிய ஒருவரின் திறந்த மடல்



ஓங்கோல் பாப்டிஸ்ட் சபை 1867 ஜனவரி 1 அன்று எட்டு அங்கத்தினருடன் உருவானது. 1878 ஜூலை 3 அன்று, ஓங்கோலுக்கு வடக்கே வெல்லம்பள்ளியில், குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மிஷன் வரலாறு எழுதியவர்கள் இந்த எண்ணை விடாமல் குறித்து வந்திருக்கிறார்கள். எண் நிலைத்தது, ஆற்றில் இறங்கிய, தோல் தொழில் செய்த மாதிக சாதி மக்களும் அவர்களை அங்கே அழைத்து வந்த மாதிக உபதேசியார்களும் அதன் பின்னால் மறைந்துபோனார்கள். சென்னையில் தமிழ் படித்து வளரும் பேரப்பிள்ளைகளிடமும் அந்த எண்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சபையைக் கட்டியது யார் என்பதை ஆதியிலிருந்து சொல்லவே இம்மடல்.

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷனைத் தொடங்கியவர் சாமுவேல் டே. 1836-இல் இந்தியா வந்து, சில காலம் சென்னையில் தங்கி, 1840-இல் நெல்லூருக்குப் போனார். ஓங்கோலும் அப்போது சென்னை மாகாணத்துக்கு உட்பட்டதுதான். பல ஆண்டுகள் உழைத்தும் சபை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே நின்றது. இந்த மிஷனை மூடிவிடலாம் என்ற பேச்சு அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1853-இல் ஆல்பனியில் கூடிய கூட்டத்தில் ஒருவர், வரைபடத்தில் தனியாக நின்ற நெல்லூரை ஒற்றை நட்சத்திரம் என்று குறிப்பிட்டார். அதைக் கேட்ட கவிஞர் சாமுவேல் ஸ்மித் அன்றிரவே ஒரு கவிதை எழுதினார், மிஷன் தப்பியது. ‘லோன் ஸ்டார்’ மிஷன் என்ற பெயர் அப்படி வந்தது.

அடுத்த ஆண்டு, 1854 புத்தாண்டு விடியலில், நெல்லூர் மிஷனரி லைமன் ஜூவெட்டும் அவர் மனைவியும் ஓங்கோல் குன்றின்மேல் ஏறி ஜெபித்தார்கள். பிற்பாடு ஜெபமலை என்று பெயர் பெற்ற குன்று அது. அன்று மேலே சென்றவர்கள் ஐந்து பேர். நர்சு, ஜூலியா, ரூத் ஆகிய தெலுங்கு விசுவாசிகள் மூவர் அதில் அடக்கம். மலை ஜெபத்தைச் சொல்பவர்கள் ஜூவெட்டோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஐவரில் மூவர் இந்த மண்ணின் மக்கள் என்பதையும், அவர்களில் இருவர் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த விடியல் முழுமையாகும்.

ஜான் எவரெட் கிளஃப் 1865-இல் நெல்லூருக்கு வந்து, அடுத்த ஆண்டு ஓங்கோலில் குடியேறினார். மிஷனரியாவதற்கு முன் நில அளவை வேலை பார்த்தவர். அந்தப் படிப்பு பின்னால் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்ற உதவும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் ஓங்கோலில் கால் வைப்பதற்கு முன்பே சபையின் உண்மையான தொடக்கம் வேறோர் இடத்தில் நிகழ்ந்திருந்தது.

தல்லகொண்டபாடு என்ற ஊரைச் சேர்ந்த யெர்ரகுண்ட்ல பேரய்யா ஒரு மாதிகர், தோல் வியாபாரி. கிறிஸ்தவத்தைக் கேள்விப்படுவதற்கு முன்பே ராஜயோகம் பயின்றவர், குருமார்களைத் தேடி அலைந்தவர், உருவ வழிபாட்டைக் கைவிட்டவர். தோல் வாங்கவும் விற்கவும் வடக்கே கோதாவரிப் பக்கம் போனபோது அங்கிருந்த மிஷனரிகளிடம் இயேசுவைப் பற்றிக் கேட்டார். உங்கள் ஊர்ப் பக்கம் ஓங்கோலுக்கு ஒருவர் வருவார் என்று அவர்கள் சொல்லி அனுப்பியதாகச் சபையில் வழங்கும் செய்தி. 1866-இல் பேரய்யாவும் அவர் மனைவி நாகம்மாவும் ஜூவெட்டிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்பு கிளஃபைத் தம் ஊருக்கு வரவழைத்தவரும் பேரய்யாவே. 1867 ஜனவரியில் கிளஃப் தல்லகொண்டபாட்டுக்கு வந்து இறங்கியபோது சுற்றுப்புறச் சேரிகளிலிருந்து மக்கள் சோற்று மூட்டையோடு வந்து காத்திருந்தார்கள். சில நாட்களின் முடிவில் 28 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். மிஷனரி விதைக்க வந்தார் என்று எழுதுவது பாதி உண்மைதான். நிலம் முன்பே உழப்பட்டிருந்தது, உழுதவர் பேரய்யா.

ஓங்கோலில் அதற்குள் ஒரு நெருக்கடி மூண்டது. பிராமணர் உள்ளிட்ட மேல்சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாதிகர்களைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் விலகிவிடுவோம் என்று அந்தக் குடும்பங்கள் கிளஃபிடம் தெரிவித்தன. கிளஃபும் அவர் மனைவி ஹாரியட்டும் ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனி அறையில் வேதாகமத்தைத் திறந்தபோது இருவருக்கும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒரே பகுதி கிடைத்ததாக கிளஃப் பதிவு செய்திருக்கிறார். உலகம் இழிவாக எண்ணுகிறவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்று சொல்லும் பகுதி அது. மாதிகர்கள் சேர்க்கப்பட்டார்கள், மேல்சாதி மாணவர்கள் வெளியேறினார்கள். சபையின் முகத்தைத் தீர்மானித்த முடிவு இது. அதன் விலையை மிஷன் பள்ளி ஒரு முறை கொடுத்தது. மாதிகர்கள் அதன் விலையைத் தலைமுறைகளாகக் கொடுத்தார்கள்.

அந்த விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய கிராமத்தைப் பார்க்க வேண்டும். செத்த மாட்டை அகற்றுவது, அதன் தோலைப் பதப்படுத்துவது, குடியானவருக்குச் செருப்பும் நீர் இறைக்கும் தோல் சாலும் தைத்துக் கொடுப்பது, அம்மன் திருவிழாவில் தப்பு அடிப்பது எல்லாம் மாதிகர் மீது சுமத்தப்பட்ட வேலைகள். கூலி என்று தனியாக எதுவும் இல்லை. அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியமும் செத்த மாட்டின் இறைச்சியும்தான் கிடைக்கும். சபை விதித்த நிபந்தனைகள் மூன்று: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டு இறைச்சி உண்ணக்கூடாது, விக்கிரகங்களை வணங்கக்கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை மத ஒழுக்க விதிகள். கிராமத்தில் இவை ஒவ்வொன்றும் ஊர் ஒழுங்கின் அடித்தளத்தில் விழுந்த அடி. ஞாயிறன்று வராத வேலையாள், திருவிழாவில் தப்பு அடிக்க மறுக்கும் ஆள், இறைச்சிப் பங்கை வேண்டாம் என்பவர் என ஊர்ப் பெரியவர்கள் அதுவரை காணாத மனிதர்கள் தோன்றினார்கள். பதிலுக்குக் கிணறுகள் மறிக்கப்பட்டன, பொய் வழக்குகள் போடப்பட்டன, களத்துத் தானியம் நிறுத்தப்பட்டது. பட்டினியைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட அந்த ஆண்களின், பெண்களின் துணிச்சலுக்குச் சபை வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஊர் ஊராகச் சென்ற மாதிக உபதேசியார்களை ஆரம்பத்தில் பெருமளவு அந்தந்த ஊரின் விசுவாசிகளே சோறிட்டுத் தாங்கினார்கள். குருவுக்குச் சீடர்கள் உணவளிக்கும் பழைய வழக்கமே இங்கும் தொடர்ந்தது. வழக்குகளையும் ஒழுக்கப் பிரச்சினைகளையும் சேரியின் மூப்பர்கள் பஞ்சாயத்தாகக் கூடித் தீர்த்தார்கள். உறவுமுறை வழியாகவே நற்செய்தி பரவியது: பெண் கொடுத்த ஊருக்கு, பெண் எடுத்த ஊருக்கு, சந்தைக்குத் தோல் கொண்டுபோன வழியெல்லாம். பஞ்சத்துக்கு முன்பே சபையார் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்ததற்கு இதுவே காரணம்.

பிறகு 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டப்பட்டது. வேலைக்குப் போன ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்பார்வையாளர்களின் வசவுக்கும் கூலி மோசடிக்கும் ஆளானார்கள். கிளஃப் தம் நில அளவை அறிவை முன்வைத்து மூன்றரை மைல் நீளத்துக்கு ஒப்பந்தம் எடுத்தார். உபதேசியார்கள் மேஸ்திரிகளாக நின்றார்கள். கூலி சரியாகக் கைக்கு வந்தது. வேலை நடுவே மக்கள் ஓய்வெடுத்த நேரங்களில் உபதேசியார்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அதே பஞ்சத்தின்போது சென்னை நகருக்குள்ளும் இக்கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டு, வடக்கும் தெற்கும் இணைக்கப்பட்டன. இன்று அடையாறு, மயிலாப்பூர் பக்கம் சாக்கடையாகிக் கிடக்கும் நீர்வழியும் ஓங்கோல் முன்னோர் மண் சுமந்த நீர்வழியும் ஒன்றே.

பஞ்சம் நீடித்த காலம் முழுவதும் ஞானஸ்நானம் நிறுத்தி வைக்கப்பட்டது. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பழியை எடைபோடும்போது இதை மறக்கக்கூடாது. நிவாரணப் பணம் தீர்ந்துவிட்டது, இனி உதவி இல்லை என்று சொல்லப்பட்ட பிறகும் கூட்டம் கலையவில்லை. 1878 ஜூன் நடுவில் ஞானஸ்நானம் மீண்டும் தொடங்கியது. ஜூலை 2 அன்று 614 பேர், 3 அன்று 2,222 பேர், 4 அன்று 700 பேர். ஜூலை முடிவதற்குள் மொத்தம் 8,691 பேர். 3-ஆம் தேதி ஆற்றில் நின்று ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்குப் போதகர்கள். ஒரே நேரத்தில் இருவர் தண்ணீரில் நிற்பார்கள். அவர்கள் களைத்ததும் அடுத்த இருவர் இறங்குவார்கள். கரையில் எழுத்தர்கள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். கிளஃப் அன்று ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கரையில் நின்று ஒழுங்கைக் கவனித்தார். அதுவரை ஊரார் ஏவல் சொல்லி மட்டுமே கூப்பிட்ட மனிதர்களின் பெயர், ஆணும் பெண்ணுமாக, எழுதிய தாளிலிருந்து சத்தமாக வாசிக்கப்பட்டது. மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும் நினைவில் வைக்கத் தக்கது இதுவே.

சபை ஒரே ஊரில் அடங்காத அளவுக்குப் பெருகியதால் 1880-களில் கம்பம், வினுகொண்டா, நரசராவ்பேட்டை, பாபட்லா எனத் தனித்தனி நிலையங்கள் பிரிந்தன. ராமபட்டினத்தில் இறையியல் கல்லூரியும் ஓங்கோலில் உயர்நிலைப் பள்ளியும், பின்னர் கிளஃப் பெயரில் மருத்துவமனையும் எழுந்தன. கிளஃபின் இரண்டாம் மனைவி எம்மா ரவுஷன்புஷ் 1899-இல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றுக்குப் பெரும் கொடை. பேரய்யா முதலான பெரியவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர் அவர். செருப்புத் தைப்பவரின் வேலையையே நூலின் தலைப்பாகவும் வைத்தார். அந்நூல் இல்லையென்றால் முதல் தலைமுறையின் குரல் பெரும்பாலும் அழிந்தே போயிருக்கும்.

புலம்பெயர்ந்தோரின் கதையும் இச்சபைகளோடு பின்னியதே. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்; அவர்களில் தெலுங்கு பாப்டிஸ்டுகளும் இருந்தார்கள். 1903-இல் ஜான் ரங்கையா அவர்களுக்குப் போதகராகச் சென்று, அவ்வாண்டு இறுதியில் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் சபையை நிறுவினார். அவரை அனுப்பியது தெலுங்குச் சபையாரே நடத்திய உள்நாட்டு மிஷன் சங்கம். ஒரு தலைமுறைக்கு முன் களத்துத் தானியத்தை நம்பியிருந்தவர்களின் சபைகள் காணிக்கை சேர்த்துக் கடல் கடந்து ஒரு மிஷனரியை அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தன.

அமெரிக்க மிஷனின் நிர்வாகம் படிப்படியாக இந்தியர் கைக்கு வந்து, 1962-இல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் சமாவேசம் உருவானது. சட்டத்தின் நிலை வேறு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. பின்னர் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பட்டியல் சாதிகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பிற்பட்ட வகுப்பினராகவே கணக்கிடப்படுகிறார்கள். சாதிக் கொடுமை மட்டும் மதம் பார்த்து வருவதில்லை: 1985 ஜூலையில் சீராலா அருகே காரம்சேட்டில், குடிநீர்க் குளத்தை அசுத்தப்படுத்தியதைத் தட்டிக்கேட்டதில் தொடங்கிய தகராறில் மாதிகர்கள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். 1994-இல் உள் ஒதுக்கீடு கேட்டு எழுந்த மாதிக தண்டோரா இயக்கமும் ஓங்கோல் அடங்கிய பிரகாசம் மாவட்டத்தில், ஈதுமூடி கிராமத்தில் பிறந்தது. தமிழ்நாட்டில் 2009-இல் அருந்ததியருக்குத் தரப்பட்ட 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுப் பட்டியலில் மாதிகா என்ற பெயரும் இருக்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த சென்னைக் குடும்பங்களில், சான்றிதழில் இந்து என்று பதிந்தவர்களுக்கு அது கிடைக்கிறது. சபைப் பதிவேட்டில் பெயர் உள்ள கிறிஸ்தவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கர்த்தருக்குள்,
ஓங்கோல் வழிவந்த ஒரு வெளிநாடுவாழ் சபை அங்கத்தினர்