மாதம் ஒரு நூறு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட பதிவு இது. "மாசாமாசம் சைக்கிள்ல நூறு கிலோமீட்டர் போறியே, அதுல என்னடா கிடைக்குது?" என்று வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே மொத்தமாக இங்கே. கொஞ்சம் நீளம்தான், டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் விதி. ஒவ்வொரு காலண்டர் மாதத்திலும் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே பயணமாக 100 கி.மீ. இரண்டு ஐம்பதைக் கூட்டி நூறு என்று சொல்லக்கூடாது. இப்படித் தொடர்ந்து 12 மாதம். நடுவில் ஒரு மாதம் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. அரியர் எழுதும் வசதி கிடையாது. அவ்வளவுதான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ராண்டனர்ஸ் யூ.எஸ்.ஏ. என்ற நெடுந்தூர சைக்கிள் அமைப்பு ஆர்-12 என்று ஒரு விருது கொடுக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள், மாதத்துக்கு குறைந்தது ஒரு 200 கி.மீ. பிரிட்டனில் ஆடாக்ஸ் யூகே அமைப்பிலும் இதே மாதிரி 'ராண்டனர் ரவுண்ட் தி இயர்' இருக்கிறது. 200 கி.மீ.யை முடிக்க பதின்மூன்றரை மணி நேரம் கெடு. சென்னை, கோவை, பெங்களூரிலும் இதே கெடுவோடு 200, 300, 400, 600 என்று பயணங்கள் நடக்கின்றன. ஸ்ட்ராவா செயலி பிரபலமாக்கிய 'கிரான் ஃபாண்டோ' சவால் மாதம் ஒரு 100. என் உடம்புக்கும் என் சைக்கிளுக்கும் அதுதான் தாங்கும். (200 போகிற அண்ணன்கள் சிரிக்காதீங்க.)

சரி, ஏன் மாதம்? ஏன் தினமும் பத்து கிலோமீட்டர் என்றோ, வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு என்றோ வைத்துக்கொள்ளக்கூடாது? என்னுடைய கட்சி இதுதான்: தினக்கணக்கு மனுஷனை அடிமையாக்கும், வருஷக்கணக்கு சோம்பேறியாக்கும். தினமும் என்றால் ஒரு சளிக்கே அறுந்துவிடும். அறுந்துவிடக்கூடாதே என்று சளியோடு போவோம். வருஷத்துக்கு என்றால் அக்டோபர் வரை "இன்னும் நாள் இருக்கு" என்போம், அப்புறம் மழைக்காலம் வந்துவிடும். மாதம் என்பது நடுவில் நிற்கிறது. முப்பது நாளில் ஒரு நாள் கிடைக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் போதும், அது நம்மைக் கிளப்பிவிடும்.

நம்ம ஊருக்கு மாதக்கணக்கு புதுசும் இல்லை. திருவண்ணாமலையில் பௌர்ணமி தவறாமல் 14 கி.மீ. கிரிவலம் போகிறவர்களைப் பாருங்கள். என் அத்தை அப்படிப் போகிறவர். முட்டி வலி, பஸ்ஸில் இடம் கிடைக்காதது, வீட்டில் விருந்தாளி, எதையும் சொல்ல மாட்டார். ஆனால் வீட்டில் ஒரு சாவு என்றால் போக மாட்டார். "கணக்கு போச்சே" என்று வருத்தப்பட்டும் நான் பார்த்ததில்லை. அடுத்த பௌர்ணமிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தத் தடை நிற்கவேண்டிய தடை, எந்தத் தடை தாண்டவேண்டிய தடை என்பதில் அத்தைக்குக் குழப்பமே கிடையாது. நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

அதற்கு முன் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தைப் படம் பிடித்து ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு ஆதாரம் கொடுத்த அதே வானியல் அறிஞர். 1935ல் நம்ம பிரசிடென்சி காலேஜ் சந்திரசேகரின் ஆராய்ச்சியை லண்டன் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தவரும் இவரேதான். (சந்திரசேகருக்கு அந்தத் துறைக்காக 1983ல் நோபல் கிடைத்தது தனிக்கதை.) அப்படி நடந்த பிறகும் இரண்டு பேரும் நண்பர்களாகவே இருந்தார்கள். எடிங்டன் அவருக்கு எழுதிய கடிதங்களில் நட்சத்திரத்தோடு சைக்கிளும் வரும்.

எடிங்டன் ஒரு கணக்கு வைத்திருந்தார். குறைந்தது 50 மைல் போன நாட்கள் 50 இருந்தால் உங்கள் எண் 50. அதை 51 ஆக்க வேண்டுமென்றால் 51 மைலோ அதற்கு மேலோ போன நாட்கள் 51 வேண்டும். முன்பு சரியாக 50 மைல் போனதெல்லாம் செல்லாக்காசாகிவிடும். ஏற ஏற கஷ்டம். அவர் எண் 75ல் இருந்தபோது ஒரு ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு முறை 74¾ மைல் போயிருக்கிறார். கால் மைல் குறைச்சல். கணக்கில் சேராது என்று அவரே சந்திரசேகருக்கு எழுதியிருக்கிறார். நம்ம காலேஜாக இருந்தால் கண்டோனேஷன் ஃபீஸ் கட்டி 75 ஆக்கியிருக்கலாம்! யாரும் பார்க்கவில்லை, பரிசும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் முக்கால் முக்காலாகவே இருந்தது. 1944ல் அவர் இறந்தபோது அந்த எண் 84.

இந்தக் கதை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சவால் என்பது நமக்கு நாமே வைத்துக்கொள்வது. அதனால் விதியை வளைப்பது ரொம்ப சுலபம். வளைத்த அன்றைக்கே அது செத்துவிடும்.

இப்போது தடைகளுக்கு வருவோம். தடைகளில் இரண்டு வகை. முதல் வகை, நாள் குறித்தால் தீர்ந்துபோகிறவை. பரீட்சை, வெயில், மழை, கல்யாணம், பஞ்சர், தூக்கம் எல்லாம் இந்த வகைதான். இவற்றைக் காரணம் காட்டி ஒரு மாதத்தை விடுவது, என் அபிப்பிராயத்தில், வெறும் சாக்கு.

பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டர் மாதம் என்பதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஏப்ரல் 1ஆம் தேதி ஒரு நூறு, மே 31ஆம் தேதி ஒரு நூறு என்று போனால் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் சைக்கிளைத் தொடவே வேண்டாம். செமஸ்டர் முழுசாக அதற்குள் அடங்கிவிடும். அதேபோல ஜனவரி 31, பிப்ரவரி 1 என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு மாதத்தையும் முடிக்கலாம். இது விதியை வளைப்பது இல்லையா என்றால், இல்லை. இரண்டு நாளும் முழு நூறு மிதித்தாக வேண்டும். மறுநாள் மாடிப்படி இறங்கிப் பாருங்கள், தெரியும்.

வெயிலுக்கு மருந்து அலாரம். கத்திரி வெயிலில் பகல் பதினொரு மணிக்கு ஈசிஆரில் மிதிப்பவனுக்கு யாரும் அவார்டு கொடுக்கப்போவதில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி, முட்டுக்காடு பாலத்தை இருட்டில் தாண்டி, மாமல்லபுரத்துக்கு அப்பால் கொஞ்சம் போய்த் திரும்பினால் நூறு தேறும். மணிக்கு 20 கி.மீ. என்றால் மிதிக்க ஐந்து மணி நேரம், இட்லிக்கும் இளநீருக்கும் ஒரு மணி நேரம். பத்து மணிக்கு வீட்டில் ஃபேனுக்கு அடியில். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், ஹெல்மெட், ஒளி பட்டால் மின்னும் ஜாக்கெட் இல்லாமல் மட்டும் அந்த நேரத்தில் போகாதீர்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். நாம் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அதுவும் ஓடாது.

மழைக்கு மருந்து முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் காற்றும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். மாமல்லபுரம் போகும்போது முதுகில் தள்ளி "அடடா, நான் இவ்வளவு வேகமா?" என்று நினைக்க வைக்கும். திரும்பும்போது முகத்தில் அறைந்து உண்மையைச் சொல்லும். அதையாவது பொறுக்கலாம். புயலைப் பொறுக்க முடியுமா? 2024 நவம்பரில் கடைசி சனிக்கிழமை 30ஆம் தேதி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததும் அன்றைக்கேதான். சென்னை ஏர்போர்ட்டையே மூடிவிட்டார்கள். "கடைசி வாரம் பார்த்துக்கலாம்" என்று வைத்திருந்தவர்களுக்கு நவம்பர் போயே போச்சு. நான் 10ஆம் தேதியே முடித்திருந்தேன். திறமை ஒன்றும் இல்லை. நவம்பர் என்றால் மழை வரும் என்பது தமிழ்நாட்டில் பிறந்தவனுக்குத் தெரியாதா என்ன?

இரண்டாம் வகைத் தடை வேறு. அதற்கு நாள் குறித்துத் தீர்வு கிடையாது. அது நம்மைத்தான் கேட்கும்.

காய்ச்சல் அந்த வகை. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையில் வீக்கம் வரும் ஆபத்து உண்டு. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்தால் சாதாரண அடி கூட பெரிதாகும். மாசக் கடைசி, இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது என்றாலும் படுத்திருப்பதே சரி. புயல் எச்சரிக்கையும் அப்படியே. நாம் மாட்டிக்கொண்டால் நம்மைத் தேடி இன்னொருவர் தண்ணீரில் இறங்கவேண்டும். நம் கணக்குக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் ஆரம்பித்த என் வரிசை 2025 பிப்ரவரியில் எட்டில் இருந்தது. மார்ச்சில் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். பகலில் அம்மா, ராத்திரியில் நான். வீட்டுக்கு வந்த பிறகும் எழுந்து உட்கார, பாத்ரூம் போக, இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவே சொன்னார். "காலையில போயிட்டு பத்து மணிக்குள்ள வந்துருவல்ல? போயிட்டு வாடா, எட்டு மாசம் ஓட்டியிருக்க." சித்தப்பாவும் வந்து இருக்கிறேன் என்றார். சைக்கிளில் காற்று கூட அடித்துத்தான் இருந்தது.

போகவில்லை. தியாகம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். ராத்திரி மூன்று முறை எழுந்தவன் அந்தத் தூக்கக் கலக்கத்தோடு ஈசிஆரில் லாரிகளுக்கு நடுவில் போவது ஒரு விஷயம். இன்னொன்று, ஆறு மணி நேரமும் என் மனசு போனிலேயே இருக்கும். அப்படி மிதிப்பதை நூறு என்று எழுதி என்ன செய்ய? மார்ச் 31 தாண்டியது. எட்டு, பூஜ்யம் ஆனது.

நண்பர்கள் நிறைய யோசனை சொன்னார்கள். "ஏப்ரல்ல ரெண்டு போயிடு, ஒண்ணை மார்ச் கணக்குல வெச்சுக்கோ." "ஜிம் சைக்கிள்ல நூறு ஓட்டு, யாருக்குத் தெரியும்?" எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் எனக்கு எடிங்டனின் அந்தக் கால் மைல்தான் ஞாபகம் வந்தது. நியாயமான காரணத்துக்காக அறுந்தது அறுந்ததாகவே இருக்கட்டுமே. "எட்டு மாதம் போனேன், ஒன்பதாவது மாதம் அப்பாவோடு இருந்தேன்" என்று சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதை மறைக்க ஒரு போலி ஒன்பது எதற்கு?

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. ஆர்-12 ஆகட்டும், ஆடாக்ஸ் யூகே ஆகட்டும், எந்த மாதத்திலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டாம். புத்தாண்டு சபதம் பிப்ரவரியில் செத்தால் அடுத்த ஜனவரி வரை பிணமாகக் கிடக்கும். இங்கே அப்படி இல்லை, மார்ச்சில் அறுந்தால் ஏப்ரலே முதல் மாதம். எனக்கு ஏப்ரலும் முடியவில்லை, மே மாதம்தான் ஆரம்பித்தேன். மறுபடி 1 என்று டைரியில் எழுதியபோது கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால்கள் பூஜ்யத்துக்குப் போகவில்லை. எட்டு மாதம் கற்றுக்கொண்டதெல்லாம் அப்படியே இருந்தது. எங்கே தண்ணீர் நிரப்பலாம், எந்தக் கடை ஐந்து மணிக்கே திறக்கும், எழுபதாவது கிலோமீட்டரில் வரும் "எதுக்குடா இதெல்லாம்" என்ற எண்ணத்தை ஒரு கடலை மிட்டாய் போட்டு எப்படிச் சமாளிப்பது, எல்லாமே.

ஆகவே மாதச் சவால் எடுக்க நினைப்பவர்களுக்கு, சைக்கிளோ ஓட்டமோ புத்தகமோ எதுவாக இருந்தாலும், என் சிபாரிசு மூன்று. விதியை முதலிலேயே எழுதிவையுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். மாதத்தின் முதல் பாதியில் முடித்துவிடுங்கள், மிச்சப் பாதி வாழ்க்கைக்கு. தடை வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நாள் மாற்றித் தீர்க்க முடியுமா? முடியும் என்றால் அலாரம் வையுங்கள். முடியாது என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, யார் கூப்பிடுகிறார்களோ அவர்களிடம் போங்கள்.

வகுப்பில் இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது, தெரியும். "சாக்கு சொல்ல ஆரம்பிச்சா எல்லாமே ரெண்டாம் வகைதான்" என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதனால்தான் பரீட்சையையும் வெயிலையும் மழையையும் முதல் வகையில் போட்டு ஆணி அடித்துவிட்டேன். இன்னும் பலமான வாதம் இருந்தால் நேரில் வாருங்கள். வருகிற ஞாயிறு காலை நாலு மணி, திருவான்மியூர். ஒரு டியூப், பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தால் போதும். நூறு கிலோமீட்டர் சண்டை போட நிறைய நேரம் இருக்கிறது.