வேடர் போன ஏரிக்கு வேண்டிய உடை

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பட்டுக்குத் தறி எப்படியோ, அந்த வட்டாரத்து நெல்லுக்கு ஏரி அப்படி. அங்குள்ள ஏரிகளில் வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரி மிகப் பெரியவற்றுள் ஒன்று. திரையன் வெட்டிய 'திரையனேரி'தான் நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்று பெரியோர் சொல்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, கரையை அலை தட்டும்போது பார்ப்பது கண்ணுக்கு விருந்துதான். கரையில் நிற்பவருக்கு அது விருந்து. ஆனால் ஏரிக்குள் இறங்கி நிற்பவர் காலில் என்ன இருக்கிறது என்று நாம் என்றாவது கேட்டதுண்டா? பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. வெறுங்காலோடுதான் அவர் சேற்றில் நிற்கிறார்.

மேல்நாடுகளில் இப்படி நீரில் நிற்பவருக்கென்றே ஓர் உடை உண்டு. பாதம் முதல் இடுப்பு வரையோ மார்பு வரையோ ஏறும், நீர் புகாத கால்சட்டை அது. ஆங்கிலத்தில் அதற்கு 'வேடர்ஸ்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது வேட்டையாடும் வேடரைப் போல ஒலிக்கும். உண்மையில் 'நீரில் நடப்பவர்' என்பதையொட்டி வந்த பெயர் அது. ஆயினும் காதுக்குத் தோன்றியது முழுத் தவறும் அன்று. நீர்ப்பறவை வேட்டைக்காரரும் தூண்டில்காரருமே அந்த உடையை உலகறியச் செய்தவர்கள்.

நம் பக்கத்திலும் அந்த வேட்டை நடந்ததுதான். சென்னை ராஜதானி நாட்களில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் குளிர்காலம் வந்தால் உள்ளானும் வாத்தும் சுடுவது பெரிய பொழுதுபோக்கு. அதை எதிர்த்து நின்றவர்களும் நம்மவரே. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள். 1798-ல் அந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பிறகு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சில பறவைகளை லைசென்ஸ் பெற்றுச் சுட இடமிருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. ஆகவே இன்று தென்னேரியிலோ வேறு எந்த ஏரியிலோ வாத்து சுடுவது குற்றம். அது அப்படியே இருக்கட்டும்.

வேடர் போய்விட்டார், நல்லதாயிற்று. ஆனால் அவர் போட்டிருந்த உடையுமா போக வேண்டும்? நீரில் நிற்கும் வேலை போய்விடவில்லையே! வீச்சு வலையோடு இறங்கும் மீனவர், ஆகாயத்தாமரை அள்ளும் கூலியாள், மதகில் அடைத்த குப்பையை எடுக்கப் போகிறவர், ஜனவரி தோறும் நீர்ப்பறவைகளை எண்ண வரும் மாணவர் ஆகிய இவர்கள் எல்லாம் இன்றும் ஏரிக்குள் நிற்கிறார்கள். துப்பாக்கிக்காரருக்கு இருந்த பாதுகாப்பு இவர்களுக்கு ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

குளிருக்கு அல்ல, காயத்துக்கு

"நம் முன்னோர் கோவணத்தோடு இறங்கவில்லையா? நம் ஊர் ஏரி என்ன பனிக்கட்டியா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மேல்நாட்டில் இந்த உடை குளிருக்காகப் பிறந்தது. உறையும் நீர் உடம்புச் சூட்டை வெகு விரைவில் உறிஞ்சி ஆளையே கொன்றுவிடும். நம் ஏரி நீர் மார்கழியிலும் அப்படிக் குளிராது. ஆனால் நமக்கு வேறு எதிரிகள் உண்டு. ஏரிக்குள் கருவேல முள்ளும், கரையில் குடித்துவிட்டு எறிந்த பாட்டில் துண்டும், நத்தை ஓடும், தூண்டில் முள்ளும் சேற்றுக்குள் கிடக்கின்றன. கால் கிழிந்தால் அதோடு போவதில்லை. எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி பல நாள் உயிரோடிருக்கும். சிறு கீறல் போதும், அது உள்ளே நுழைந்துவிடும். சிலருக்கு அது சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாய் முடியும். 2018-ல் கேரள வெள்ளத்துக்குப் பிறகு இக்காய்ச்சல் பரவி, நீரில் இறங்கிய தொண்டர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆக, மேல்நாட்டாருக்குக் குளிரைத் தடுக்கும் உடை வேண்டும். நமக்கு முள்ளையும் கிருமியையும் தடுக்கும் உடை வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்து, விளம்பரத்தைப் பார்த்து வாங்கினால் காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

எதை வாங்குவது?

கடையில் கிடைப்பவை மூன்று நான்கு வகை. முதலாவது நியோப்ரீன். 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்த செயற்கை ரப்பர் அது. அதை நுரை போலச் செய்து, நுண்ணிய காற்றுக் குமிழிகளால் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள். பனி நாட்டுக்கு அது தேவாமிர்தம். தென்னேரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் அரைமணியில் வேர்வையில் வெந்துபோக வேண்டியதுதான்.

இரண்டாவது, வேர்வை ஆவியை வெளியே விட்டு நீரை உள்ளே விடாத மெல்லிய துணி. 1969-ல் பாப் கோர் கண்ட புதுவகைச் சவ்விலிருந்து இந்த வகை வளர்ந்தது. விலை மிக அதிகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிக்காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருந்தால்தான் ஆவி நன்றாக வெளியேறும். வெதுவெதுப்பான நீரிலும் புழுக்கத்திலும் அந்தச் சாமர்த்தியம் குறைந்துவிடுகிறது. மேலும் அந்த மெல்லிய துணி கருவேல முள்ளுக்கு எத்தனை நாள் தாங்கும்?

மூன்றாவது, நைலான் துணியில் பி.வி.சி. பூசியது. விலை குறைவு, முள்ளை ஓரளவு தாங்கும், காற்றோட்டம் கிடையாது. நான்காவது, பழைய ரப்பர். கனம் அதிகம், ஆனால் கிழிந்தால் சைக்கிள் டியூபை ஒட்டுவது போல ஒட்டிக்கொள்ளலாம். கூலி வேலைக்கு நைலானோ ரப்பரோ போதும் என்பதே என் கருத்து. விலை உயர்ந்ததெல்லாம் நம் ஊருக்கு உயர்ந்ததாகிவிடாது.

பருவத்துக்குத் தக்கபடி அளவும் மாற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், மேலே மழைக்கோட்டும் கீழே மார்பு வரை ஏறும் சட்டையும் சரி. ஆனால் இடி மின்னல் கண்டால் எந்த உடை போட்டிருந்தாலும் கரையேறிவிட வேண்டும். மார்கழி, தை விடியற்காலையில் வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் எண்ணுகிறவர்கள் அசையாமல் நெடுநேரம் நிற்க வேண்டும். அவர்கள் உள்ளே பருத்திக் கால்சட்டையும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டால் போதும். பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டால் மார்பு வரை மூடுவது ஆபத்து. அப்போது ஏரி நீரும் வற்றியிருக்கும்; முழங்கால் அல்லது தொடை வரை ஏறும் பூட்ஸே தக்கது. அதையும் காலையில் பத்து மணிக்குள் கழற்றிவிடுவது நல்லது.

பூட்ஸ் உடையோடு ஒட்டியே வருவதும் உண்டு. தனியாகக் கயிறு கட்டிப் போடுவதும் உண்டு. நம் ஏரிகளின் களிமண் சேறு காலைப் பிடித்தால் விடாது. தொளதொளப்பான பூட்ஸைச் சேறு அப்படியே உருவிக்கொள்ளும். கணுக்காலில் இறுகக் கட்டும் வகையே இங்கே நிற்கும்.

சில எச்சரிக்கைகள்

இந்த உடைக்குள் நீர் புகுந்தால் கல்லைக் கட்டியது போல ஆளை இழுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நீருக்குள் இருக்கும்வரை உள்ளே புகுந்த நீர் ஆளைக் கீழே இழுப்பதில்லை. ஆனால் கால் வீசி நீந்துவது கடினம். கரையேறும்போது அவ்வளவு பாரத்தையும் தூக்க வேண்டும். ஆகவே இடுப்பில் ஒரு பெல்ட் இறுகக் கட்டுவது கட்டாயம். விழுந்தாலும் நீர் சட்டென்று உள்ளே இறங்காது. உடை மார்பு வரை இருக்கிறதே என்று மார்பளவு நீருக்குப் போகக் கூடாது, இடுப்பளவே எல்லை. கலங்கல் வழியும் நாட்களில் அந்தப் பக்கமே போகலாகாது. தனியாக இறங்குவதும் தகாது.

கழற்றியபின் வெறுமனே மூலையில் எறிந்தால் பூஞ்சை பிடிக்கும். கழுவி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். மறுநாள் போடுமுன் உதறிப் பார்ப்பது அவசியம், தேள் குடியிருக்கலாம். ஓர் ஏரியில் போட்டதை அப்படியே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோனால் ஆகாயத்தாமரைத் துண்டும் கூடவே போகும். சிறு பாசி ஒன்று ஆற்றுக்கு ஆறு பரவுகிறதென்று நியூஸிலாந்தில் 2008-ல் கம்பளி அடிவைத்த பூட்ஸுகளையே தடை செய்தார்கள். நாம் தடை செய்ய வேண்டாம், கழுவினால் போதும்.

யார் வாங்கித் தருவது?

அன்றாடம் வலை வீசிப் பிழைப்பவர் இதைத் தாமே வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஏரி சுத்தம் செய்ய ஒப்பந்தம் விடும்போது மண்வெட்டிக்கும் லாரிக்கும் கணக்கு எழுதுகிறோம். அதிலேயே ஆளுக்கு ஓர் உடை என்று ஒரு வரி சேர்க்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுக்கலாம். பெரிய ஏரி உள்ள ஊராட்சி ஒவ்வொன்றும் நாலைந்து ஜோடி வைத்திருந்தால் வெள்ளக் காலத்துக்கும் உதவும். வாங்கும்போது மேல்நாட்டு ஆண்பிள்ளை அளவை மட்டும் வாங்கிக் குவிக்காமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கும் பெண்களுக்கும் பொருந்தும் அளவில் வாங்க வேண்டும். பெரிய பூட்ஸில் சின்னக் கால் இருந்தால் அதுவே ஆளை விழத்தட்டும்.

காஞ்சிபுரத்து நெசவாளி தறிக்குழியில் காலை வைத்து உலகுக்குப் பட்டு உடுத்துகிறார். பக்கத்து ஏரியில் காலை வைத்து நிற்பவர் நமக்குச் சோறும் மீனும் தருகிறார். பறவைகளுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. அது நமக்குப் பெருமை. அந்த ஏரியைப் பேணும் மனிதரின் கால்களுக்கும் ஒரு காவல் வேண்டாமா? அடுத்த ஐப்பசி மழை வருமுன் ஊராட்சிகளும் சங்கங்களும் இதைத் தம் செலவுக் கணக்கில் சேர்ப்பார்களாக.