இறைக்கிற கிணறுதான் ஊறும்!



"தெரிஞ்சதை எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டா, நாளைக்கு உன்னை எவன்டா தேடி வருவான்?" - இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவன் நம்மில் உண்டா? டிப்ளமோவைக் கையில் வாங்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு ரீவைண்டிங் பட்டறையோ பம்ப்செட் சர்வீஸோ ஆரம்பிக்கலாம் என்று கனவு காணும் நமக்கு, 'தொழில் ரகசியம்' என்பது பெரிய மந்திரமாகவே சொல்லித் தரப்படுகிறது. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறவனைத்தான் வேலை தேடி வரும்!

வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. நாம் பாடத்தில் படிக்கிற நீராவி இன்ஜினின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. செம்பும் வெள்ளீயமும் வெட்டிய சுரங்கங்கள் அங்கே ஏராளம். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இன்ஜினுக்குப் போட நிலக்கரி அந்த மண்ணில் இல்லை. கப்பலில்தான் வர வேண்டும். ஜேம்ஸ் வாட் 1769-ல் காப்புரிமை பெற்ற இன்ஜின் நிலக்கரியை நன்றாக மிச்சப்படுத்தியது. அப்படி மிச்சமானதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவரும் கூட்டாளி போல்டனும் கட்டணமாக வாங்கினார்கள். வேறு யாராவது இன்ஜினைத் திருத்தினால் கோர்ட், வழக்கு! 1800-ல் காப்புரிமை முடிந்தது. அவர்களும் கார்ன்வாலை விட்டுப் போனார்கள். கவனிப்பார் இல்லாமல் இன்ஜின்களின் திறன் இறங்கியது.

1811-ல் சுரங்க மேலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஜோயல் லீன் என்பவரை நியமித்து, எந்த இன்ஜின் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, அதன் அமைப்பு என்ன, அதைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் யார் என்று மாதாமாதம் அச்சடித்து வெளியிட்டார்கள். ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் பார்த்தார், மேலும் திருத்தினார். ரகசியம் போச்சே என்று யாரும் அழவில்லை. ஏன்? அறிக்கையில் நல்ல கணக்கு வந்த இன்ஜினியரின் பெயர் ஒவ்வொரு சுரங்க முதலாளிக்கும் தெரிந்துவிடும். அடுத்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்!

பலன்? ஒரு புஷல் நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீர் ஓர் அடி உயரும் என்பதை அவர்கள் 'டூட்டி' என்றார்கள். 1811-ல் அதன் சராசரி 2 கோடிக்குள்தான் இருந்தது. 1835-ல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தில் நடந்த ஒரு சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது!

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. 1812-ல் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் உயர் அழுத்த இன்ஜினை நிறுவிய ரிச்சர்ட் டிரெவிதிக், அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அவருடைய வழியில் ஊரே பிழைத்தது. அவரோ 1833-ல் கையில் காசில்லாமல் இறந்தார். கூட வேலை பார்த்தவர்கள்தான் அடக்கம் செய்தார்கள். ஆகவே அறிவைக் கொடுப்பது மட்டும் போதாது. உழைப்புக்குக் கூலி கேட்கவும் தெரிய வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். என் அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல். "இன்னார் மகன்" என்று சொன்னால் வேலை கொடுக்க ஆள் கிடையாது. கடை போட முதல் கிடையாது. நம்மில் பலருக்கும் இதே நிலைதானே? நம்மிடம் இருக்கிற ஒரே முதல், இங்கே கற்றதுதான். அதையும் பெட்டியில் பூட்டி வைத்தால், நாம் இருப்பதே ஊருக்கு எப்படித் தெரியும்?

லீவில் நான் கூலிக்குப் போன ஒரு பட்டறையில், காயில் சுற்றுக் கணக்கு எழுதிய நோட்டை மேஸ்திரி பூட்டியே வைத்திருப்பார். அதுகூடப் பரவாயில்லை. மோட்டார் ஏன் எரிந்தது என்று விவசாயியிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் மோட்டார் ஓடியது, அதனால் எரிந்தது - இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? சொல்லாததால் அதே மோட்டார் மறுபடி எரியும். "இந்த ஆள் வேலை சரியில்லப்பா" என்று விவசாயி அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போவார். ரகசியம் காப்பாற்றியது யாரை?

சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஏன் வேண்டும்? தண்ணீர் மட்டத்துக்கு மேலே 7 மீட்டருக்கு மேல் பம்பை வைத்தால் ஏன் உறிஞ்சத் திணறுகிறது? குழாய் விட்டம் குறைந்தால் கரண்ட் ஏன் வீணாகிறது? இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே சொல்லலாம். கேட்டவர் உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு தானே ரீவைண்டிங் செய்யப் போவதில்லை. மோட்டார் மக்கர் பண்ணும் அன்று, "அன்னைக்கு விளக்கமா சொன்னானே, அந்தப் பையனைக் கூப்பிடு" என்பார். அதுதான் நமக்கு விளம்பரம்!

ஆனால் "படிக்கிற பையன்தானே, சும்மா கழட்டி மாட்டிட்டுப் போப்பா" என்றால், பணிவாகக் கூலியைச் சொல்லுங்கள். சொல்வது இலவசம், செய்வதற்குக் கூலி. இந்தக் கோட்டை முதல் நாளே போட்டுவிட வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டில் அந்தக் கூலியை எதிர்பார்த்து அடுப்பு காத்திருக்கிறது.

இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது நம் பெரியவர்கள் சொன்னதுதான். சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தவர்கள் அதை நடத்திக் காட்டினார்கள். நண்பர்களே, நாமும் இறைப்போம்!

- மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்